அபராதச் சீட்டு தீர்ப்பாகுமா?

சாலையில் வண்டி ஓட்டிச் செல்லும் ஒருவரைப் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்துகின்றார். புத்தகத்தை எடுத்து ஒரு சீட்டு எழுதுகின்றார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து இரண்டாவது சீட்டு எழுதுகின்றார். வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்து மூன்றாவது சீட்டும், "எதற்காக ஐயா?" என்று அவர் வாய் திறந்து கேட்டுவிட்டால் அதற்கென்று நாலாவது சீட்டும் எழுதிக் கையில் கொடுக்கின்றார். வண்டிக்காரர் அவற்றைப் படித்துப் பார்ப்பதில்லை. மொத்தம் எவ்வளவு என்று மாத்திரம் கேட்டுக்கொண்டு, கடன் வாங்கியாவது கட்டிவிட்டு, "எல்லாம் நம் தலையெழுத்து" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றார்.

இதில் தலையெழுத்து எங்கே வந்தது என்று கேட்கின்றோம். எழுதினது போலீஸ்காரரின் கை. எழுதினவர் நம்மைப்போல் ஒரு மனிதர். மனிதர் எழுதினதில் சரியும் இருக்கலாம், தப்பும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்த அக்கிரமமும் இருக்கலாம். அபராதச் சீட்டு என்பது ஒரு பிராது. ஒரு தரப்பார் சொல்லும் குற்றச்சாட்டு. அது தீர்ப்பல்ல. பிராது கொடுத்தவரே தீர்ப்பும் சொல்லிவிடலாம் என்றால் கோர்ட்டு எதற்கு? சாட்சி எதற்கு? சட்டப் புத்தகந்தான் எதற்கு?

சீட்டு ஒன்றானாலும் எட்டானாலும் இதுவே நியாயம். எட்டுச் சீட்டு என்பது எட்டுத் தீர்ப்பு அல்ல. தனித்தனியே ருஜுப்படுத்தப்பட வேண்டிய எட்டுப் பிராதுகளேயாகும். ஆனால் ஒரு சீட்டு வந்தால் யோசிக்கின்ற மனிதர் எட்டுச் சீட்டு வந்தால் யோசிப்பதை நிறுத்திவிடுகின்றார். "இத்தனை எழுதியிருக்கின்றார்களே, ஏதாவது இல்லாமலா எழுதுவார்கள்?" என்று ஊராரும் சொல்லுகின்றார்கள், அவரும் நம்பிவிடுகின்றார். சீட்டு பெருகினதால் குற்றம் பெருகிவிடவில்லை, பயந்தான் பெருகுகின்றது. இந்தப் பயத்தை மூலதனமாக வைத்து ஒரு நகரசபை பல வருஷ காலம் வரும்படி பார்த்த கதை, நாகரிகத்திலும் சட்டத்திலும் தலைசிறந்தது என்று சொல்லிக்கொள்ளும் அமெரிக்காவிலே, அந்நாட்டு மத்திய சர்க்காரின் விசாரணையாலேயே வெளிவந்திருக்கின்றது. வண்டி ஓட்டுகின்ற ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

பெர்குசன் நகரத்துக் கதை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிசூரி என்பது ஒரு மாநிலம். அதில் செயின்ட் லூயி என்ற பெரிய பட்டணத்தையடுத்து பெர்குசன் என்ற சிறு நகரம் இருக்கின்றது. 2010-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அங்கு குடியிருந்தவர்கள் சுமார் 21,000 பேர். அவர்களில் 100-க்கு 67 பேர் கறுப்பு மக்கள். 2014-ம் வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பு இளைஞர் அவ்வூர்ப் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகுதான் மத்திய சர்க்காரின் நீதி இலாகா அவ்வூர்ப் போலீசாரின் நடவடிக்கைகளையும், கோர்ட்டின் நடவடிக்கைகளையும், நகரசபையின் கணக்குகளையும் எடுத்துப் பார்த்து, 2015-ம் வருஷம் மார்ச்சு 4-ந் தேதி ஓர் அறிக்கை வெளியிட்டது.

அந்த அறிக்கையில் சொல்லப்பட்ட ஒரு சம்பவத்தை மாத்திரம் முதலில் பார்ப்போம். 2012-ம் வருஷம் கோடைக் காலம். 32 வயதுள்ள ஒரு கறுப்பர் பொதுப் பூங்காவில் பந்து விளையாடிவிட்டு, வியர்வை அடங்கட்டும் என்று தன் காரிலே உட்கார்ந்திருந்தார். கார் ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் தன் வண்டியை அதன் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, அவரது அடையாள எண்ணையும் அடையாளச் சீட்டையும் கேட்டார். பூங்காவில் குழந்தைகள் இருப்பதைக் காட்டி, காரணமே இல்லாமல், "நீ குழந்தைகளைக் கெடுக்க வந்தவன்" என்று பழி சொன்னார். உடம்பைத் தடவிச் சோதித்தார். காரையும் சோதிக்க வேண்டும் என்றார். அந்த மனிதர், "அரசியல் சட்டம் எனக்குக் கொடுத்திருக்கும் உரிமைப்படி அதற்குச் சம்மதிக்க மாட்டேன்" என்றார். உடனே கைது! துப்பாக்கியை நீட்டிக் கைது செய்ததாக அவர் சொல்லியிருக்கின்றார். பிறகு அவர் மேல் எழுதப்பட்ட குற்றங்கள் எத்தனை? எட்டு!

என்ன எட்டு என்று பாருங்கள். பொய்த் தகவல் கொடுத்தார் என்பது ஒன்று. என்ன பொய் என்றால், தன் பெயரை முழுதாகச் சொல்லாமல், எல்லோரும் கூப்பிடுகின்ற சுருக்கப் பெயரை முதலில் சொன்னாராம். அவர் சொன்ன விலாசம் உண்மையான விலாசந்தான். ஆனால் லைசென்சில் இருந்த விலாசம் வேறாம். இருக்கைப் பட்டை கட்டவில்லை என்பது மற்றொன்று. நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தவருக்குப் பட்டை எதற்கு? லைசென்சு காலாவதியாகிவிட்டது என்பது இன்னொன்று. கையில் லைசென்சே இல்லை என்பது அதற்கு மேலும் ஒன்று. கோயில் பிரசாதத்தைப்போல் குற்றங்களை அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கின்றார்கள். இதன் பலன் என்னவென்றால், பல வருஷமாக மத்திய சர்க்காருக்கு ஒப்பந்த முறையில் அவர் பார்த்துவந்த வேலை போய்விட்டது. தீர்ப்பால் போகவில்லை, சீட்டால் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் இத்தனை எழுதுகின்றார்கள்?

இது ஏதோ ஒரு கெட்ட போலீஸ்காரரின் செய்கை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஒருவரை ஒரு தடவை நிறுத்தினால் மூன்று நாலு குற்றம் எழுதுவது அவ்வூரில் சர்வசாதாரணம் என்றும், ஆறு, எட்டு என்று எழுதினதும் உண்டு என்றும், ஒரு தடவை பதினாலு எழுதப்பட்டது என்றும் அது சொல்லுகின்றது. ஒரே நிறுத்தலில் யார் அதிகச் சீட்டு எழுதுவது என்று சில போலீஸ்காரர்கள் தங்களுக்குள் போட்டி போட்டுக்கொண்டார்கள் என்பதை அவ்வூர்ப் போலீசாரே விசாரணைக்காரர்களிடம் சொல்லியிருக்கின்றார்கள். ஜல்லிக்கட்டில் மாடு பிடிப்பதில் போட்டி போடுவதைக் கேள்விப்பட்டிருக்கின்றோம். ஏழை மேல் குற்றம் எழுதுவதிலும் போட்டி என்றால், அதற்குப் பரிசு கொடுக்கின்றவன் ஒருவன் இருந்தேயாக வேண்டுமல்லவா?

பரிசு கொடுத்தது நகரசபையின் பெட்டி. 2010-ம் வருஷக் கணக்கில் பெர்குசன் நகரத்தின் பொது வருமானம் 1 கோடியே 10 லட்சத்து 70 ஆயிரம் டாலர். அதில் அபராதமாகவும் கட்டணமாகவும் வந்தது 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அதாவது எட்டில் ஒரு பங்கு. 2015-ம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் எதிர்பார்க்கப்பட்ட வருமானம் 1 கோடியே 32 லட்சத்து 60 ஆயிரம். அதில் அபராத வரும்படி 30 லட்சத்து 90 ஆயிரம். அதாவது நாலில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் குறைவு. ஐந்து வருஷத்திற்குள் அவ்வூர் ஜனங்கள் எல்லோரும் இரண்டு மடங்கு அயோக்கியர்களாகிவிட்டார்களா? இல்லை. சீட்டு எழுதுவதை நன்றாக உயர்த்தாவிட்டால் வருகிற வருஷத்து வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று நகரசபையின் நிதி அதிகாரி 2010-ம் வருஷத்திலேயே போலீஸ் தலைவருக்கு எழுதியிருக்கின்றார். குற்றத்தைப் பார்த்துச் சீட்டு எழுதுவது போய், தொகையை முதலில் தீர்மானித்துக்கொண்டு அதற்கு வேண்டிய குற்றத்தைச் சாலையில் தேடுவது என்று ஆகிவிட்டது. இதற்குப் பெயர் போலீசா, வரி வசூலா என்று கேட்கின்றோம். வரி என்றாலாவது பணக்காரன் அதிகமும் ஏழை குறைவும் கொடுப்பான். இந்த வரியோ ஏழையையே தேடிப் பிடிக்கின்றது.

யார் மேல் எழுதினார்கள்?

100-க்கு 67 பேராக இருந்த கறுப்பு மக்கள், 2012 முதல் 2014 வரையில் நிறுத்தப்பட்ட வண்டிக்காரர்களில் 100-க்கு 85 பேர். சீட்டு வாங்கினவர்களில் 100-க்கு 90 பேர். கைது செய்யப்பட்டவர்களில் 100-க்கு 93 பேர். இதைவிட நமது விஷயத்திற்கு மிகவும் பொருத்தமான கணக்கு ஒன்று இருக்கின்றது. ஒரே சம்பவத்தில் நாலும் அதற்கு மேலும் சீட்டு எழுதப்பட்டது கறுப்பு மக்கள் மேல் 73 தடவை. மற்றவர்கள் எல்லோர் மேலும் சேர்ந்து இரண்டே தடவை!

"கறுப்பர்கள் அதிகக் குற்றம் செய்திருப்பார்கள், அதனால் அதிகச் சீட்டு" என்று சொல்லுகின்ற கனவான்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கும் அதே அறிக்கையில் பதில் இருக்கின்றது. நிறுத்தப்பட்ட கறுப்பரின் வண்டி, நிறுத்தப்பட்ட வெள்ளையரின் வண்டியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சோதிக்கப்பட்டது. ஆனால் சோதித்ததில் சட்டவிரோதமான பொருள் அகப்பட்டது, வெள்ளையரிடத்தைவிடக் கறுப்பரிடத்தில் 100-க்கு 26 குறைவு. சந்தேகத்தால் சோதித்தார்கள் என்றால் அந்தச் சந்தேகம் எங்கேயிருந்து வந்தது? தோலின் நிறத்திலிருந்து வந்தது. பிறப்பைப் பார்த்து மனிதனுக்கு மதிப்புப் போடுகின்ற வழக்கத்தை நாம் அமெரிக்காவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது எந்த உடையில் வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏழைகளுக்குப் பொறுப்புணர்ச்சி இல்லை, அதனால்தான் அபராதம் பெருகுகின்றது என்று அவ்வூர் அதிகாரிகள் விசாரணைக்காரர்களுக்கு உபதேசம் செய்தார்களாம். அதே அதிகாரிகளும் கோர்ட்டு உத்தியோகஸ்தர்களும் தங்களுக்கும் தங்கள் சிநேகிதர்களுக்கும் வந்த சீட்டுகளைச் சத்தமில்லாமல் ரத்துச் செய்துகொண்டிருந்ததும் அறிக்கையில் வெளிவந்துவிட்டது. பொறுப்புணர்ச்சி என்பது ஊராருக்கு. தள்ளுபடி என்பது தங்களுக்கு!

வழக்காடாமல் போனால் என்ன ஆகும்?

2007-ம் வருஷத்தில் ஒரு கறுப்பு அம்மையார் தன் காரை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தினார். ஒரே சம்பவம்; இரண்டு சீட்டு. 151 டாலர் அபராதமும் அதற்கு மேல் கட்டணமும் விதிக்கப்பட்டன. அந்த அம்மையார் ஏழை; நிலையான வீடு கூட இல்லாமல் கஷ்டப்பட்டவர். குறிப்பிட்ட தேதியில் வரவில்லை, கட்டவில்லை என்று 2007-லிருந்து 2010-க்குள் ஏழு குற்றங்கள் மேலும் எழுதப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் வாரண்டு, ஒவ்வொன்றுக்கும் மேல் அபராதம். இரண்டு தடவை கைதானார். ஆறு நாள் சிறையில் இருந்தார். 25 டாலரும் 50 டாலருமாகக் கொஞ்சங் கொஞ்சமாகக் கட்டப் பார்த்தார். முழுத் தொகை இல்லாவிட்டால் வேண்டாம் என்று கோர்ட்டு திருப்பி அனுப்பியது. கடைசியில் 550 டாலர் கட்டியும், 2014-ம் வருஷம் டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி நின்றது. நம் ஊரில் கந்துவட்டிக்காரனைத் திட்டுகின்றோமே, அவன் கூட கொடுத்த காசை வேண்டாம் என்று திருப்பமாட்டான்.

இது ஓர் அம்மையாரின் கதை மாத்திரமல்ல. 2014-ம் வருஷம் டிசம்பரில் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டின் வாரண்டுகள் 16,000-க்கு மேற்பட்டவர்கள் பேரில் நிலுவையில் நின்றன. சிறைக்குப் பயந்து கோர்ட்டுக்கு வராதவர்களுக்கு, வராததற்காகவே சிறை. வாரண்டை நீக்குவதற்கும் 50 டாலர் கட்டணம். போதாக்குறைக்கு, எந்தத் தேதியில் வரவேண்டும், நேரில் வந்தேயாக வேண்டுமா என்பது கூடச் சில சீட்டுகளில் சரியாக எழுதப்படவில்லை. வருவதற்கு வழி சொல்லாமலே வரவில்லை என்று தண்டித்திருக்கின்றார்கள்.

எட்டையும் எப்படி எதிர்ப்பது?

இனி, இப்படிப் பல சீட்டு வாங்கின ஒருவர் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம். முதலாவது, அமெரிக்காவில் சீட்டில் கையெழுத்துப் போடுவது, பெரும்பாலான இடங்களில், கோர்ட்டுக்கு வருகின்றேன் அல்லது பதில் சொல்லுகின்றேன் என்ற வாக்குறுதியேயொழிய குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஆனால் பணத்தைக் கட்டிவிட்டால் அது குற்றத்தை ஒப்புக்கொண்டதற்குச் சமானம். எட்டையும் கட்டினவர் எட்டையும் ஒப்புக்கொண்டவர். பிறகு லைசென்சில் புள்ளி விழுந்தது, இன்ஷூரன்சுக் கட்டணம் ஏறிவிட்டது, வேலை போயிற்று என்று புலம்பிப் பயனில்லை.

இரண்டாவது, "என்னை ஏன் நிறுத்தினாய்? உன் எண்ணம் கெட்டது" என்ற வாதம் மாத்திரம் பெரும்பாலும் பயன்படாது. வண்டிக்காரர் உண்மையிலேயே ஏதேனும் ஒரு சாலை விதியை மீறியிருந்தால், போலீஸ்காரர் மனத்தில் வேறு என்ன எண்ணம் இருந்தாலும் நிறுத்தினது செல்லும் என்று அமெரிக்க உச்ச கோர்ட்டு 1996-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. ஆகவே போராட வேண்டிய இடம் போலீஸ்காரரின் மனமல்ல. சீட்டில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியுமாகும்.

மூன்றாவது, சீட்டுகளை மொத்தமாகப் பார்க்காமல் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும். நடக்காததை எழுதினது எது? நின்ற காரில் பட்டை கட்டாதது போல, சட்டப்படி குற்றமே ஆகாதது எது? ஒரே செய்கையை இரண்டு பெயரில் இரண்டாக எழுதினது எது? உண்மையிலேயே செய்தது எது? இந்த நாலு குவியலாகப் பிரித்துவிட்டால், மலையாகத் தோன்றினது பெரும்பாலும் மண்மேடாகிவிடும். ஒரே குற்றத்திற்காக ஒருவரை இரண்டு தடவை தண்டனைக்கு ஆளாக்கக்கூடாது என்பது அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். இரண்டு குற்றச்சாட்டுகள் ஒன்றா, வெவ்வேறா என்று பார்ப்பதற்கு 1932-ல் பிளாக்பர்கர் வழக்கில் உச்ச கோர்ட்டு ஓர் அளவுகோல் கொடுத்தது. முதலாவதை ருஜுப்படுத்த இரண்டாவதற்கு வேண்டாத ஓர் அம்சமும், இரண்டாவதை ருஜுப்படுத்த முதலாவதற்கு வேண்டாத ஓர் அம்சமும் தேவையாக இருந்தால் அவை வெவ்வேறு. இல்லாவிட்டால் அவை ஒன்றே. இந்த அளவுகோல் நமக்குச் சாதகமாக மாத்திரம் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. வேகமாகப் போனதும் லைசென்சு இல்லாததும் வெவ்வேறு என்றே அது சொல்லும். ஆனாலும் அளவுகோல் ஒன்று இருக்கின்றது என்பது தெரிந்தால்தானே அளந்து பார்க்கக் கேட்க முடியும்?

நாலாவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒன்றாக விசாரிக்கும்படி கேட்க வேண்டும். போலீஸ்காரர் எழுதின குறிப்பையும், படம் பிடித்திருந்தால் அந்தப் படத்தையும் கேட்க வேண்டும். தேதியை எக்காரணம் கொண்டும் தவற விடக்கூடாது. வக்கீல் விஷயத்தில் ஏமாந்துபோகக் கூடாது. சிறைத் தண்டனை விதிக்காமல் அபராதத்தோடு விடும் வழக்குகளுக்குச் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டியதில்லை என்று 1979-லேயே அவ்வூர் உச்ச கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆதலால் ஏழை தானே படித்துத் தானே பேசப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

ஐந்தாவதாக ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். "இரண்டை ஒப்புக்கொள், மற்ற ஆறையும் விட்டுவிடுகின்றோம்" என்று சர்க்கார் வக்கீல் பேரம் பேசுவார். கேட்பவருக்கு ஆறு குற்றம் தள்ளுபடியானது பெரிய லாபமாகத் தோன்றும். சந்தையிலே எட்டணாச் சரக்குக்கு இரண்டு ரூபாய் விலை சொல்லி, பிறகு ஒரு ரூபாய்க்குக் கொடுக்கின்ற வியாபாரியை நாம் பார்த்ததில்லையா? வாங்கினவன் ஒரு ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுகின்றான். வியாபாரி எட்டணா லாபத்தை மடியில் கட்டிக்கொள்ளுகின்றான். பல சீட்டு எழுதுவதன் சூட்சுமங்களில் ஒன்று இதுதான். விட்டுவிடுவதற்கென்றே எழுதப்பட்ட சீட்டுகளும் உண்டு. எனவே தள்ளுபடியானது எத்தனை என்று பாராமல், ஒப்புக்கொள்ளச் சொல்லுவது உண்மையா என்று மாத்திரம் பார்க்க வேண்டும்.

சில ஆட்சேபணைகள்

இப்படியெல்லாம் சொல்லிக் கொடுத்தால் குற்றவாளிகள் தப்பித்துக்கொள்வார்கள், சாலையில் உயிர்ச் சேதம் பெருகும் என்று சிலர் சொல்லக்கூடும். விளக்கில்லாமல் ஓட்டு என்றோ, குடித்துவிட்டு ஓட்டு என்றோ நாம் சொல்லவில்லை. செய்ததற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செய்த ஒன்றோடு செய்யாத ஏழையும் சேர்த்துக் கட்டினால், அந்த ஒன்றைப் பற்றிய வெட்கமும் போய்விடும். சட்டத்தின் மேலுள்ள மரியாதையும் போய்விடும். வசூலுக்காக எழுதப்படும் சீட்டைப் பார்த்து எவனும் மெதுவாக ஓட்டக் கற்றுக்கொண்டதில்லை. போலீஸ்காரர் எங்கே நிற்கின்றார் என்று பார்க்கத்தான் கற்றுக்கொள்ளுகின்றான்.

கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே, அபராதத்தைவிடச் செலவு அதிகமாகுமே என்பது இரண்டாவது ஆட்சேபணை. இது உண்மையான ஆட்சேபணை; இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் எழுதுகின்றவர்கள் நம்பியிருப்பதும் இந்தக் கணக்கையேதான். ஒருவர் தனியாகப் போனால் அவருக்கு நஷ்டம் என்பது மெய். பலர் சேர்ந்து கேட்டால் நடப்பது என்ன என்பதையும் பெர்குசனே காட்டியிருக்கின்றது. ஜனங்கள் கிளர்ந்ததனால் விசாரணை வந்தது. அறிக்கை வெளியான சில நாட்களுக்குள், அதே மார்ச்சு மாதத்தில், நகரக் கோர்ட்டு நீதிபதியும், நகர நிர்வாகியும், போலீஸ் தலைவரும் ராஜிநாமாக் கொடுத்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் புதிய நீதிபதி 2014-ம் வருஷக் கடைசிக்கு முன் பிறந்த கைது வாரண்டுகளை எல்லாம் வாபஸ் வாங்கினார். நகரசபைகள் தங்கள் வருமானத்தில் 100-க்கு 30 வரையில் போக்குவரத்து அபராதத்தால் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 20-ஆகக் குறைத்து மிசூரி மாநிலம் 2015-ல் சட்டம் செய்தது. அபராதம் கட்ட முடியாததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் சேர்ந்து போட்ட வழக்கில், 2024-ல் 45 லட்சம் டாலர் கொடுக்க அந்நகரம் ஒப்புக்கொண்டது. கட்ட வழியில்லாதவரை, அவருக்கு வழியிருக்கின்றதா என்று விசாரிக்காமலே சிறையில் போடக்கூடாது என்று உச்ச கோர்ட்டு 1983-லேயே சொல்லியிருந்தும், ஜனங்கள் கேட்கும் வரையில் அந்தத் தீர்ப்பு புத்தகத்தில் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

நிற்க, இது ஏதோ கடல் கடந்த தேசத்துச் சங்கதி என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தம் 2019-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அமுலுக்கு வந்து அபராதங்கள் பல மடங்கு உயர்ந்தன. மறுநாளே ஹரியானாவில் குருகிராம் பட்டணத்தில் ஸ்கூட்டரில் போன ஒருவருக்கு ஒரே நிறுத்தலில் ஐந்து குற்றங்கள் எழுதப்பட்டன. லைசென்சுக்கு 5,000, பதிவுச் சான்றுக்கு 5,000, இன்ஷூரன்சுக்கு 2,000, புகைச் சான்றுக்கு 10,000, தலைக்கவசத்துக்கு 1,000. ஆக 23,000 ரூபாய். ஸ்கூட்டரின் விலையே 15,000 ரூபாய்தான் என்று அவர் சொன்னார். காகிதங்கள் வீட்டில் இருக்கின்றன என்றும் சொன்னார்.

இந்த ஐந்தையும் மேலே சொன்னபடி பிரித்துப் பாருங்கள். 22,000 ரூபாய் காகிதங்களைப் பற்றியது. தலைக்கவசத்தைப் பற்றியது 1,000 மாத்திரமே. லைசென்சே இல்லாமல் ஓட்டுவது வேறு. லைசென்சு வீட்டில் இருக்க, கையில் இல்லாமல் ஓட்டுவது வேறு. கையில் இல்லாத காகிதத்தைப் பிறகு காட்டுவதற்கு அப்போதிருந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139-வது விதி 15 நாள் அவகாசம் கொடுத்திருந்தது. அவரிடம் காகிதம் உண்மையில் இருந்ததா என்பதை நாம் இங்கு தீர்மானிக்க வரவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியது சாலையோரமும் அல்ல என்பதுதான் நமது வாதம். அதைத் தெரிந்தவர் 22,000 ரூபாயைப் பற்றிக் கேள்வி கேட்பார். தெரியாதவர் வண்டியை விற்று அபராதம் கட்டுவார்.

ஆகையால் தோழர்களே! உங்கள் கையில் சீட்டைக் கொடுத்தால் முதலில் படியுங்கள். படிக்கத் தெரியாதவர் படித்தவரிடம் கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு ஊரிலும் நமது சங்கங்களில் இதற்கென ஒரு தோழர் வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, சீட்டுக் கொண்டுவருகின்றவர்களுக்கு அதிலுள்ள பிரிவு என்ன, தொகை என்ன, தேதி என்ன என்று படித்துச் சொன்னால் அது பத்துப் பொதுக்கூட்டத்திற்குச் சமானமான வேலையாகும். செய்த குற்றம் ஒன்றானால் அந்த ஒன்றை நிமிர்ந்து நின்று ஒப்புக்கொள்ளுங்கள். செய்யாத ஏழுக்கும், "ருஜுப்படுத்து" என்று அதே நிமிர்வோடு சொல்லுங்கள். போலீஸ்காரரிடம் மரியாதைக் குறைவாகப் பேச வேண்டியதில்லை. சாலையில் சண்டை போடவும் வேண்டியதில்லை. கேள்வி கேட்க வேண்டிய இடம் கோர்ட்டு. கேட்கின்ற உரிமை உங்களுடையது. காக்கிச் சட்டை போட்டவர் எழுதிவிட்டார் என்பதற்காக ஒரு சங்கதி உண்மையாகிவிடாது. எழுத்து யாருடையதானாலும், அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கின்றவனே மனிதன்.